செம்பனை மட்டையும் சிவப்பு முக்கோணமும்

“ஏதோ தீயுற வாடை வருதுங்க” என்றாள் என் மனைவி.

“அது செம்பனை எண்ணெய் ஆலை வாடை” என்றேன்.

பீடோரைத் தாண்டிச் சுங்காய் போகும் பழைய சாலையில் எந்த வாடை வந்தாலும் ஆலையின் மேல் பழியைப் போட்டுவிடலாம். கொஞ்ச நேரம் கழித்து அவள் மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை, “உங்க முன்னாடி அந்த முள்ளு எங்க போயி நிக்குதுன்னு பாருங்க” என்றாள். பார்த்தேன். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. காரின் முன்மூடி இடுக்கிலிருந்து, இட்லிப் பானையைத் திறந்ததுபோல் ஆவி கிளம்பியது. அப்போது நாங்கள் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவு முடிந்ததும் முடியாததுமாக இன்ஜின் அணைந்தது. கார் தானாகக் கொஞ்ச தூரம் உருண்டு, இடப்பக்கச் சக்கரங்கள் புல்லிலும் வலப்பக்கச் சக்கரங்கள் தாரிலுமாக நின்றுவிட்டது. புல்லுக்கு அப்பால் ஒரு கால்வாய். அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை.

நான் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. இதைச் சொல்லாமல் தப்பிக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியாது. வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பெடுப்பது நான்தான். வேலைக்கு வரும்போதும் போகும்போதும் சாலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் உண்டு. வண்டி பழுதானால் டபுள் சிக்னல் போடு, எல்லாரையும் கீழே இறக்கு, ஒளிரும் மேல்சட்டையைப் போட்டுக்கொள், ஐம்பது மீட்டர் பின்னால் போய் முக்கோணத்தை வை, வளைவாக இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வகுப்பில் இருக்கிறவர்களும் பெரும்பாலும் தூக்கத்தில்தான் கேட்பார்கள்.

அன்று சுங்காயில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தங்கைக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், மடியும் என்னுடைய ஒரு மடிதான். பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் நல்ல நேரம். ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையிலேயே நேராகப் போயிருந்தால் பத்து மணிக்கெல்லாம் கோயிலில் உட்கார்ந்திருக்கலாம். வண்டி நின்றாலும் நெடுஞ்சாலையில் உதவிக்கு ஆள் வந்துவிடுவார்கள். ஆனால் பீடோர் கொய்யா வாங்க வேண்டும் என்று எனக்குத் திடீரென்று ஆசை. மனைவிக்கு ஆசை என்றுதான் கோயிலில் சொன்னேன். உண்மையில் ஆசை என்னுடையது. பீடோரில் இறங்கி, கொய்யா வாங்கி, மறுபடி நெடுஞ்சாலை ஏறாமல் பழைய சாலையிலேயே விட்டேன். “பழைய ரோட்டுல போனா பசுமையா இருக்கும்” என்று சொன்னதும் நான்தான்.

முதலில் டபுள் சிக்னலைப் போட்டேன். நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு அழகாக மின்னியது. ஒருவரும் மதிக்கவில்லை. மதிக்க மாட்டார்கள். நம் ஊரில் அந்த விளக்குக்கு, ‘ரொட்டி சானாய் வாங்க நிறுத்தியிருக்கிறேன், ரெண்டு நிமிஷம்’ என்றுதான் அர்த்தம். அந்த அர்த்தத்தை நிலைநாட்டியவர்களில் நானும் ஒருவன். ஈப்போவில் என் வீட்டுப் பக்கத்துக் கடை வாசலில், வாரத்தில் நான்கு நாள் காலையில் அதைத்தான் செய்கிறேன்.

தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கோயிலில் மேளச் சத்தத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. கைப்பேசியில் வாடகைக் கார் தேடினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சாலைக்கு வர ஒரு காரும் சம்மதிக்கவில்லை.

ஒளிரும் மேல்சட்டை எங்கே என்று கேட்பீர்கள். தொழிற்சாலையில் என் அறை அலமாரியில் நாற்பது மேல்சட்டைகள் இருக்கின்றன. காரில் ஒன்றும் இல்லை. நான் போட்டிருந்தது பட்டுக்கரை வேட்டியும் சந்தன நிறச் சட்டையும். வேட்டியாவது கட்டும் வேட்டியா என்றால் அதுவும் இல்லை. இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வகை.

முக்கோணம் ஒன்பது வருடமாக உதிரிச் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அதை எடுக்க, சீர்த்தட்டு, கொய்யாப் பை, மாற்றுத் துணிப் பை, மறந்துபோய்க் கிடந்த இரண்டு குடை எல்லாவற்றையும் புல்லில் இறக்கினேன். சிவப்புப் பெட்டி கிடைத்தது. உள்ளே கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காமல், வாங்கியது வாங்கியபடி இருந்தது. மடக்கி வைத்த மூன்று சிவப்புக் குச்சி, அடியில் கம்பிக் கால். வகுப்பில் நான் காட்டுவது படம் மட்டும்தான். படத்தில் அது எப்போதும் விரிந்தே இருக்கும். இங்கே ஒரு குச்சியை இழுத்தால் இன்னொன்று மடங்கியது. கடைசியில் நின்றதென்னவோ நின்றது. ஆனால் அது முக்கோணம் இல்லை. எலிப்பொறி மாதிரி இருந்தது.

“பெட்டி மேல படம் போட்டுருக்குங்க” என்று மனைவி கார் ஜன்னல் வழியாகச் சொன்னாள். பட்டுச் சேலை கசங்கும் என்று அவள் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். “மேல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கிளிப்புல மாட்டணும். இங்க குடுங்க.”

கொடுத்தேன். இரண்டே நொடியில் மாட்டிக் கொடுத்தாள்.

அதைக் கொண்டுபோய்க் காருக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

“அம்பது மீட்டர்னு சொல்வீங்களே?”

“இது ஏறக்குறைய அம்பதுதான்.”

“நம்ம வீட்டு ஹாலே இதவிட நீளம் லா.”

நான் வைத்தது ஆறு காலடி தூரத்தில். ஏன் என்று கேட்டால் சொல்லத்தக்க காரணம் ஒன்றும் இல்லை. வெயில், வழுக்கும் புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டியோடு சாலையில் முக்கோணம் தூக்கிக்கொண்டு நடந்தால் போகிறவன் வருகிறவன் பார்ப்பானே என்ற கூச்சம். உயிரைவிடப் பெரிதாக அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அந்தக் கூச்சம்தான். ஆறு காலடி என்பது வளைவுக்கு இந்தப் பக்கம். வளைவில் திரும்பி வருகிறவனுக்கு முக்கோணமும் காரும் ஒரே நேரத்தில்தான் கண்ணில் படும்.

அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வளைவில் வந்தது. காரை உரசுவதுபோல் ஒதுங்கி, ஹார்னை அழுத்திக்கொண்டே போனது. அந்தக் காற்றில் முக்கோணம் குப்புற விழுந்து, சறுக்கிக்கொண்டே நடுச்சாலைக்குப் போனது. நான் பின்னால் ஓடினேன். ஓடிய வேகத்தில் இடுப்பு ஒட்டு ‘பர்ர்’ என்று விட்டது. ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் முக்கோணம். அந்தக் கோலத்தில் நான் நடுச்சாலையில் நின்றபோதுதான் ஒரு பெண் மோட்டார்சைக்கிளில் வந்தாள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, தலையில் துண்டைச் சுற்றி அதன் மேல் தொப்பி. வண்டியின் பக்கவாட்டில் நீண்ட கழியில் கட்டிய அரிவாள். அந்தச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். வண்டியை எங்கள் காருக்கு வெகுதூரம் முன்னால் கொண்டுபோய்ப் புல்லில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். அதைக்கூட நான் அப்புறம்தான் கவனித்தேன்.

“காடி ரோசாக்கா அண்ணே?”

“ஆமாம்மா, பழுதுதான். தண்ணி சூடாயிருச்சு போல.”

அவள் என்னைப் பார்க்கவில்லை, காருக்குள் பார்த்தாள். “ஐயோ, உள்ள யாரு? அக்கா, மொதல்ல கீழ எறங்குங்க. இந்தப் பக்கக் கதவ தொறங்க. அப்படியே காவாயத் தாண்டி அந்த மரத்துக்கிட்ட போயி நில்லுங்க.”

மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தப் பெண் கைகொடுத்துக் கால்வாயைத் தாண்டவைத்தாள். நான் அப்படியே நின்றேன். எல்லாரையும் கீழே இறக்கு. பதினான்கு வருடமாகச் சொல்லிவருகிறேன். புல்லில் கொய்யாப் பையை இறக்கி வைத்த எனக்கு மனைவியை இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

“அந்தச் சேப்பு சாமான் பத்தாது அண்ணே. லோரிக்காரன் ஒசரத்துல ஒக்காந்து வாரான், அவனுக்கு அது தெரியாது. மட்டை போடணும்.”

“இங்க கீழயே காஞ்ச மட்டை நெறைய கெடக்கே?” என்றேன். ஏதாவது ஒரு யோசனை என்னுடையதாக இருக்கட்டும் என்று.

“காஞ்சது கெடந்தா, காத்துல விழுந்ததுன்னு நெனச்சு ஏத்திட்டுப் போயிருவான். பச்சையா கெடந்தாத்தான் யாரோ இப்பத்தான் போட்டுருக்கான்னு புரியும்.”

கழியை எடுத்துக்கொண்டு கால்வாயைத் தாண்டினாள். வேட்டியை மறுபடி ஒட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே தாண்டினேன். தாழ்வாக இருந்த ஒரு மரத்தில், எப்படியும் கழிக்க வேண்டிய மட்டைகளாகப் பார்த்து இரண்டை இழுத்து அறுத்தாள். ஒவ்வொன்றும் என்னைப்போல் மூன்று ஆள் நீளம்.

“அடியப் புடிக்காதீங்க, முள்ளு” என்று அவள் சொன்னபோது நான் அடியைப் பிடித்துத் தூக்கியாகிவிட்டது. உள்ளங்கையில் எத்தனை ஏறியது என்று அப்போது எண்ணவில்லை. கத்தாமல் இருப்பதிலேயே கவனம் இருந்தது.

ஆளுக்கொரு மட்டையை இழுத்துக்கொண்டு, புல் ஓரமாகவே வளைவைச் சுற்றி நடந்தோம். நான் கீழே வைத்திருந்த முக்கோணத்தை, கேட்காமலே மனைவி எடுத்து என் கக்கத்தில் செருகியிருந்தாள். வளைவுக்கு அந்தப் பக்கம், சாலை நேராகத் தெரியும் இடத்தில் அந்தப் பெண் நின்றாள். முதல் மட்டையின் நுனி மட்டும் சாலையில் கிடக்கும்படி போட்டாள். முப்பது காலடி தள்ளி, வளைவுப் பக்கமாக, இரண்டாவது மட்டையைக் கொஞ்சம் அதிகமாக உள்ளே தள்ளிப் போட்டாள்.

“ஒரேயடியா குறுக்க போட்டா மோட்டோக்காரன் விழுந்துருவான்” என்றாள். “மொதல்ல கொஞ்சம், அப்புறம் கொஞ்சம். அவனே தானா வெலகிப் போவான். நடுவுல ஒங்க சாமான வைங்க.”

நான் என் சாமானை நடுவில் வைத்தேன்.

திரும்பி நடக்கும்போது, “அண்ணே என்னா வேல செய்றீங்க?” என்று கேட்டாள்.

“ஃபேக்டரியில” என்றேன். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் மனைவி நின்ற மரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

“சேஃப்டி ஆபீசரு லா இவரு” என்றாள் கால்வாய்க்கு அப்பாலிருந்து.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருக்கலாம். “அப்படியா அண்ணே” என்று மரியாதையாகச் சொன்னாள். அந்த மரியாதை முள்ளைவிட ஆழமாக இறங்கியது.

நாங்களும் கால்வாயைத் தாண்டி மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றோம். ரேடியேட்டர் ஆறட்டும், தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது வளைவுக்கு அந்தப் பக்கம் ‘படபட’வென்று ஏதோ நொறுங்கும் சத்தம். உடனே பிரேக்கின் கிறீச். ஒரு வெள்ளைக் கார், அடியில் மட்டையை இழுத்துக்கொண்டே வளைவில் வந்தது. நேராக எங்கள் காரின் முதுகை நோக்கி வந்தது. மனைவி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். கார் ஆடி, சறுக்கி, நின்றது. அதற்கும் எங்கள் காருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அந்த ஒரு சாணை அப்புறம் என் கையாலேயே அளந்து பார்த்தேன்.

மட்டை ஓலை ஒன்று இன்னும் நொறுங்கிக்கொண்டிருந்தது.

“நான் உள்ள இருந்திருந்தா?” என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

காரிலிருந்து இறங்கியவர் சுங்காயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம். ஐம்பதை நெருங்கிய ஆள். “அண்ணே, மாப் அண்ணே. தப்பு என் மேலதான்” என்றார். “ரொட்டி போடுற ஆளு வரலன்னு கடையில இருந்து மெசேஜ் வந்துச்சு. அதத்தான் பாத்துட்டு வந்தேன். டயருக்கு அடியில மட்ட நொறுங்குற சத்தம் கேட்டுத்தான் நிமிந்து பாத்தேன். இல்லன்னா…”

“நடுவுல ஒரு முக்கோணம் இருந்துச்சே, பாக்கலையா?” என்று கேட்டேன். அந்த நிலையிலும் கேட்டேன்.

“முக்கோணமா? எங்க?”

போய்ப் பார்த்தேன். மூன்று துண்டாகக் கிடந்தது. அவர் அதன் மேல் ஏறியதே அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் இன்னொரு பச்சை மட்டையை அறுத்து இழுத்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் ஓடிப்போய் அதை வாங்கிக்கொண்டார். இருவரும் வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள். திரும்பி வந்ததும் கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பட்டுச் சேலை, சீர்த்தட்டு, கிழிந்த வேட்டி. வேட்டி எப்போது கிழிந்தது என்று எனக்கே தெரியாது.

“எங்க விசேஷம்?”

சொன்னேன்.

“சுங்காய் கோயிலா? ஏறுங்க அண்ணே, நானே கொண்டுபோயி விடுறேன். நம்ம பழக்கமான மெக்கானிக்கு இருக்கான், அவனையும் இங்க அனுப்பி வைக்கிறேன்.”

பின்சீட்டில் வெங்காய மூட்டைக்கும் கெட்டிப்பால் டின் பெட்டிக்கும் நடுவில் மனைவி உட்கார்ந்தாள், மடியில் சீர்த்தட்டு. முன்சீட்டில் என் மடியில் கொய்யா. ஏறும்போது அந்தப் பெண் கூப்பிட்டுச் சொன்னாள்: “காடி எடுக்க வர்றப்ப மட்டையெல்லாம் ஓரம் போட்டுட்டுப் போங்க அண்ணே. மறந்தா அடுத்தவன் விழுவான்.”

சுங்காய் வரை கடைக்காரர் மாட்டு வண்டி வேகத்தில்தான் ஓட்டினார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். வழி முழுக்க டபுள் சிக்னல் மின்னிக்கொண்டே வந்தது. ஓடுகிற வண்டியில் அதைப் போடக் கூடாது என்று என் வகுப்பில் தனியாக ஒரு பாடம் உண்டு. பின்னால் வந்த கார்களெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே முந்திப் போயின. அவர் ஒவ்வொருவருக்கும் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார்.

பதினொன்று ஐம்பதுக்குக் கோயிலுக்குள் நுழைந்தேன். தங்கை என் முகத்தைப் பார்க்கும் முன் வேட்டியைப் பார்த்தாள். “என்னண்ணே, சண்டைக்குப் போயிட்டு வர்றியா?” என்றாள். விளக்கம் சொல்ல நேரம் இல்லை. பாயில் உட்காரவைத்து, குழந்தையை என் மடியில் போட்டார்கள். ஒரு வயதுக் குழந்தை. புது ஆட்கள், புது மேளம், எதற்கும் அசையவில்லை. ஆசாரி ஊசியை எடுத்ததும், பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று நினைத்ததோ என்னவோ, என் வலது உள்ளங்கையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தது.

நான் போட்ட கூச்சலில் மேளம் நின்றது.

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னும் குத்தவே இல்லையே” என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். புகைப்படக்காரர் அந்தக் கணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். தங்கை வீட்டு வரவேற்பறையில் இப்போது பெரிதாக மாட்டியிருக்கும் படம் அதுதான். குழந்தை அமைதியாக ஆசாரியைப் பார்க்கிறது. தாய்மாமன் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறான். பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது இரண்டு காதும் குத்தி முடித்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும், முள் எடுத்த உள்ளங்கையில் கட்டுப்போட்டுக்கொண்டு, மனைவியைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, தங்கை வீட்டுக்காரரின் மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அந்த வளைவுக்குப் போனேன். மெக்கானிக் முன்பே வந்திருந்தார். ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. புதுக் குழாய் மாட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டார். “பழைய குழாய் போன வருஷமே மாத்தியிருக்கணும்” என்றார். கார் கிளம்பியது.

மைத்துனர் மெக்கானிக்கோடு பேசிக்கொண்டிருக்க, நான் வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்தேன். மட்டைகளை ஒவ்வொன்றாகப் புல்லுக்கு இழுத்துப் போட்டேன். இந்தத் தடவை நுனியைப் பிடித்து இழுத்தேன். கடைசி மட்டையை இழுத்துக்கொண்டிருந்தபோது மோட்டார்சைக்கிள் சத்தம். வேலை முடிந்து போகிறாள். நிறுத்தினாள்.

“காடி சரியாச்சா அண்ணே?”

“ஆச்சும்மா. இரு, ஒரு நிமிஷம்.” ஓடிப்போய், அவளைப் பார்த்தால் கொடுக்கச் சொல்லி மனைவி கட்டிக்கொடுத்திருந்த விசேஷச் சாப்பாட்டையும், கொய்யாவில் பாதியையும் கொண்டுவந்து கொடுத்தேன். வேண்டாம் என்றாள். பிறகு வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டாள். நன்றி சொல்வதற்கு நான் வரும் வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்திருந்தேன். வகுப்பில் பேசுகிற மாதிரியே வந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“பிள்ள அழுதுச்சா அண்ணே?”

“அழுதுச்சு” என்றேன். “எனக்கு அப்புறம்தான் அழுதுச்சு.”

கட்டுப்போட்ட என் கையைப் பார்த்தாள். அப்போதுதான் சிரித்தாள், வாய்விட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் வண்டியை உதைத்துக் கிளப்பி, தோட்டத்து வீடுகள் இருக்கும் பக்கமாகத் திரும்பிப் போனாள்.